பம்பு நின்றால் கலன் ஏன் உறைகிறது?

இயற்கை எரிவாயு ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் பேனல் ஆபரேட்டர், தாம் நடத்தும் ஆலையை ஷிஃப்ட் முழுவதும் கண்ணால் பார்ப்பதில்லை. அழுத்தம், வெப்பநிலை, ஓட்டம், கலன்களில் நிற்கும் திரவத்தின் மட்டம் என்ற நான்கு வகை எண்களிலிருந்தே, சுவருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதை அவர் ஊகித்துக்கொள்கிறார். வெளியே குழாய்களுக்கிடையே நடந்துகொண்டிருக்கும் ஃபீல்டு ஆபரேட்டர் வாக்கி-டாக்கியில் சொல்லும் செய்தி மட்டுமே அந்த ஊகத்துக்கு வெளியிலிருந்து கிடைக்கும் சாட்சி.

அந்த எண்கள் வந்துசேரும் விதமே சுவையானது. கலனின் மட்டத்தை அளக்கும் கருவி, 0 விழுக்காட்டை 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாகவும் 100 விழுக்காட்டை 20 மில்லி ஆம்பியராகவும் மாற்றி, இரண்டு கம்பிகள் வழியே அனுப்புகிறது. 0 மில்லி ஆம்பியரிலிருந்தே தொடங்கியிருக்கலாமே என்று தோன்றும். அப்படித் தொடங்கினால், கலன் காலியாக இருப்பதற்கும் கம்பி அறுந்துபோனதற்கும் வேறுபாடு தெரியாது. 4 மில்லி ஆம்பியர் வந்தால் கலன் காலி. எதுவுமே வராவிட்டால் கருவியோ கம்பியோ பழுது.

வந்த எண்ணைக் கட்டுப்படுத்தி என்னும் கருவி, ஆபரேட்டர் குறித்துவைத்த இலக்கோடு ஒப்பிட்டு, வால்வைத் திறந்தோ மூடியோ இடைவெளியைக் குறைக்கிறது. மட்டம் இலக்கில் நின்றால் புதியவர் நிம்மதியடைவார். அனுபவப்பட்டவரோ மட்டத்தை விட்டுவிட்டு வால்வின் திறப்பைப் பார்ப்பார். வழக்கமாக 40 விழுக்காடு திறந்திருக்கும் வால்வு 95 விழுக்காட்டுக்குப் போயிருந்தால், கட்டுப்படுத்தி தன் பலத்தையெல்லாம் செலவழித்துத்தான் அந்த மட்டத்தைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள். வால்வு முழுதும் திறந்தபின் அதனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

எண்ணைப் படிப்பதற்கும் அதன் பின்னாலுள்ள இயற்பியலை அறிவதற்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பதை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள லாங்ஃபோர்டு ஆலை 1998 செப்டம்பர் 25 அன்று காட்டியது. பாஸ் நீரிணையின் கடலடி வயல்களிலிருந்து வரும் வாயுவை, 1969இல் தொடங்கப்பட்ட அதன் முதல் பிரிவு, எண்ணெயால் கழுவிச் சுத்திகரித்தது. உயரமான கோபுரத்தில் வாயு மேலேற, மண்ணெண்ணெய் போன்ற ஓர் எண்ணெய் கீழிறங்கும். நம் சமையல் சிலிண்டரில் அடைக்கப்படும் புரோப்பேன், பியூட்டேன் போன்ற கனமான பொருள்களை அந்த எண்ணெய் உறிஞ்சிக்கொள்ள, மீத்தேன் மேலே தப்பிவிடும். உறிஞ்சிய எண்ணெய் குளிர்ந்தது; பின்னர் அதைச் சூடாக்கி, உறிஞ்சியவற்றை ஆவியாக்கிப் பிரித்து, மிஞ்சிய சூடான எண்ணெயைச் சுற்றுக்குத் திருப்பி அனுப்புவார்கள். திரும்பும் வழியில் அந்தச் சூடான எண்ணெய், வெப்பப் பரிமாற்றிகள் வழியே தன் வெப்பத்தைக் குளிர்ந்த எண்ணெய்க்குக் கொடுக்கும். ஆலையின் வெப்பச் சமநிலை இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் நின்றது.

முந்தைய இரவிலிருந்தே கோபுரத்தின் அடியில் திரவ மட்டம் வரம்பை மீறி ஏறி, அந்தக் குளிர்ந்த திரவம் எண்ணெயோடு கலந்து சென்றது. காலையில் சூடான எண்ணெயை ஓட்டும் பம்புகள் நின்றன. பம்பு நின்றால் ஆலை சாதுவாகிவிடும் என்றே நமக்குத் தோன்றும். ஆனால் நின்றது சூடான பக்கம் மட்டும். குளிர்ந்த பக்கம் தொடர்ந்து வந்தது. அதில் கரைந்திருந்த இலேசான பொருள்கள் அழுத்தம் குறைந்த இடத்தில் ஆவியாகி, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியிருந்த திரவத்திலிருந்தும் எஃகிலிருந்தும் பிடுங்கிக்கொண்டன. கையில் ஊற்றிய ஸ்பிரிட் சில்லிடுவதும் இதே காரணத்தால்தான். இயல்பாக 100 டிகிரி செல்சியஸ் அளவில் இயங்கிய ஒரு வெப்பப் பரிமாற்றி, மைனஸ் 48 டிகிரி வரை இறங்கி, மேலே உறைபனி பூத்து நின்றது.

சாதாரண எஃகு அறை வெப்பநிலையில் இழுத்தால் நெளியும். அந்தக் குளிரிலோ கண்ணாடியைப் போல நொறுங்கும். எரியும் லாந்தரின் சிம்னியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் விரிசல் ஓடுவதைக் கண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். இங்கே சூடும் குளிரும் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். சூடான எண்ணெயை மீண்டும் ஓடவிட்டபோது, ஒரு பகுதி விரிய மறுபகுதி விரியாமல் நிற்க, பிற்பகல் 12.26 மணிக்கு அந்தப் பரிமாற்றிக் கலன் பிளந்தது. வெளியேறிய ஆவி மேகம் எரியும் உலைகளை எட்டித் தீப்பற்றியது. இருவர் இறந்தனர், எட்டுப் பேர் காயமடைந்தனர். விக்டோரியா மாநிலத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ இருபது நாள்கள் எரிவாயுவின்றித் தவித்தது.

ஆபரேட்டர்களின் தவறே காரணம் என்றது நிறுவனம். 1999இல் அறிக்கை அளித்த அரச விசாரணை ஆணையம் அதை ஏற்கவில்லை. குளிர்ந்த எஃகின் ஆபத்தை அவர்களுக்கு யாரும் முறையாகக் கற்பிக்கவில்லை. ஆலைப் பொறியாளர்கள் 1992இலேயே மெல்போர்னுக்கு மாற்றப்பட்டிருந்தனர். நாளொன்றுக்கு 300, 400 எச்சரிக்கை ஒலிகள் அடித்துக்கொண்டிருந்த அறையில், உண்மையான எச்சரிக்கையும் பழகிய இரைச்சலாகிவிட்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் வரக்கூடாது என்பது இன்று இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதை மீறும் அறைகளில் ஒலியை நிறுத்தும் பொத்தானை அமுக்குவதிலேயே ஒருவரின் கவனம் தீர்ந்துவிடுகிறது என்பதால், அந்த அளவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

உறைந்துபோன பரிமாற்றியை மீட்கும் ஒழுங்கான முறை பொறுமையைக் கேட்பது: முதலில் இருபுறமும் வால்வுகளை அடைத்துத் தனிமைப்படுத்த வேண்டும், பிறகு உள்ளிருக்கும் அழுத்தத்தை இறக்க வேண்டும், அதன் பின்னரே, உலோகம் முழுவதும் ஒரே சீராகச் சூடேறும்படி, சிறிது சிறிதாக வெப்பத்தை ஏற்ற வேண்டும்.