கிட்னி திருட்டு கதை ஏன் சாகவே மாட்டேங்குது?

ஹோட்டல் ரூம்ல ஒருத்தன் கண்ணு முழிக்கிறான், பாத்டப் முழுக்க ஐஸ், உடம்பு மரத்துப் போயிருக்கு, பக்கத்துல ஒரு சீட்டு, "உடனே ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணு, இல்லன்னா செத்துடுவ"ன்னு. ராத்திரி பார்ல பழக்கமான ஆளு வாங்கிக் குடுத்த டிரிங்க்ஸ்ல மயக்க மருந்தாம், இப்ப ஒரு கிட்னிய காணோமாம். இந்தக் கதையக் கேக்காத ஆளுங்க கம்மிதான். 1997 ஜனவரியில, அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸுக்கு போனவங்களுக்கு இப்படி நடக்குதுன்னு ஒரு ஈமெயில் பரவின வேகத்துல அந்த ஊர் போலீஸே "அப்படி ஒரு கேஸே எங்ககிட்ட இல்ல"ன்னு அறிக்கை விட வேண்டியதாப் போச்சு. அங்க இருக்கிற நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷனும் பாதிக்கப்பட்டவங்க இருந்தா வாங்கன்னு கூப்பிட்டுப் பாத்துச்சு. ஒருத்தரும் வரல.

ரத்த குரூப் பொருந்தணும், திசு பொருந்தணும், ஆபரேஷன் தியேட்டர், சர்ஜன்கள் டீம், அந்தப் பக்கம் கிட்னிய வாங்கிக்க ரெடியா ஒரு நோயாளி, இதெல்லாம் இருந்தாதான் நடக்கும், பார்ல கண்ணுல பட்ட யாரோ ஒருத்தன் கிட்னிய எடுத்து என்ன பண்றது? உறுப்பு வியாபார மோசடி உலகத்துல நிஜமாவே இருக்கு, அதுல மாட்டுறது பெரும்பாலும் கடன்ல தவிக்கிற ஏழைங்க, சொன்ன காசுகூட கைக்கு வராம ஏமாந்து நிப்பாங்க. அந்த நிஜத்த யாரும் நைட்டு உக்காந்து ஃபார்வர்ட் பண்றதில்ல, பாத்டப் கதையத்தான் பண்றாங்க. ஏன்னு பாத்தா சுவாரஸ்யமா இருக்கு.

இந்த மாதிரி கதைங்கள அர்பன் லெஜண்ட்னு சொல்வாங்க. ஜான் ஹெரால்ட் புருன்வாண்ட்ங்கிற அமெரிக்க நாட்டுப்புறவியல் ஆய்வாளர் 1980கள்ல இதப் பத்தி நிறைய எழுதி பிரபலமாக்கினார். எல்லாத்துக்கும் ஒரே அடையாளம், நடந்தது சொல்றவனுக்கு இல்ல, அவன் ஃப்ரெண்டுக்கும் இல்ல, ஃப்ரெண்டோட ஃப்ரெண்டுக்கு. நம்புற அளவுக்குப் பக்கம், போன் போட்டு கேக்க முடியாத அளவுக்கு தூரம்.

சரி, வாய் மாறும்போது கதைக்கு என்ன ஆகுது? ஃப்ரெட்ரிக் பார்ட்லெட்னு ஒரு இங்கிலாந்து உளவியல் ஆய்வாளர் வட அமெரிக்க பழங்குடிக் கதை ஒண்ண தன்னோட ஊர் ஆளுங்ககிட்ட குடுத்து திருப்பிச் சொல்லச் சொன்னார், 1932ல இத வெளியிட்டார். கதையில கடல்நாய் வேட்டைக்குப் போனவங்க திருப்பிச் சொல்லும்போது மீன் புடிக்கப் போயிட்டாங்க, பழங்குடிப் படகு சாதா படகாயிடுச்சு, புரியாத பகுதியெல்லாம் காணாமப் போச்சு. யாரும் வேணும்னு மாத்தல, அவங்க அவங்க மனசுல ஏற்கனவே இருந்த அச்சுக்கு அது தானாப் பொருந்திக்கிச்சு. 1947ல ஆல்போர்ட், போஸ்ட்மேன்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் வதந்தியப் பத்தி இன்னும் நேரடியா செஞ்சாங்க, ஒரு படத்தப் பாத்தவங்க பாக்காதவங்களுக்குச் சொல்லணும், அவங்க அடுத்தவங்களுக்கு. அஞ்சாறு வாய் மாறுறதுக்குள்ள விவரங்கள்ல சுமார் 70% காலி. மிச்சம் இருக்கிற ஒண்ணு ரெண்டு விஷயம் ஊதிப் பெருசாகும். இதுல மனச உறுத்துற விஷயம் ஒண்ணு, ஒரு படத்துல சவரக்கத்தி வெள்ளைக்காரன் கையில இருந்துச்சு, சொல்லிச் சொல்லி பல தடவை அது கறுப்பின மனுஷன் கைக்கு மாறிடுச்சு. சொன்னவங்க சமூகத்தோட பயம் கதைக்குள்ள உள்ள வந்து உக்காந்துக்கிச்சு.

இன்னொரு ஃபில்டரும் உண்டு, அருவருப்பு. 2001ல சிப் ஹீத்ங்கிற அமெரிக்க ஆய்வாளரும் அவர் கூட்டாளிங்களும் ஒரே கதைய வேற வேற அளவு குமட்டலோட எழுதிக் குடுத்தாங்க, உதாரணத்துக்கு கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல எலி, ஒண்ணுல குடிக்கிறதுக்கு முன்னாடியே பாத்துடுறான், இன்னொண்ணுல ஏதோ கட்டியா தொண்டையில எறங்கினதுக்கு அப்புறம்தான் பாக்குறான். குமட்டல் ஏற ஏற, அடுத்தவங்ககிட்ட சொல்லுவேன்னு சொன்னவங்களும் ஏறினாங்க. உண்மையா இல்லையாங்கிறது ஒரு பக்கம், உடம்பு கூசுச்சா இல்லையாங்கிறது இன்னொரு பக்கம், ரெண்டாவதுக்கும் நல்ல வெயிட் இருக்கு.

இது வரைக்கும் வாய். இதுக்கு மேல மீடியா என்ன பண்ணுதுன்னா, அட்ரஸ் இல்லாத கதைக்கு ஒரு அட்ரஸ் வாங்கிக் குடுக்குது. "ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட்" போய் "டிவியில சொன்னாங்க"ன்னு ஆயிடும். மோமோ சேலஞ்ச் ஞாபகம் இருக்கா, பிதுங்கின கண்ணு, அகலமான வாய், பாதி பறவை பாதி பொண்ணு மாதிரி ஒரு உருவம்? அது 2016ல டோக்கியோவுல ஒரு கேலரியில வெச்சிருந்த சிற்பம், அவ்ளோதான். அந்த ஃபோட்டோவ எவனோ எடுத்து, இது குழந்தைங்களுக்கு மெசேஜ் அனுப்பி தற்கொலை பண்ணிக்கச் சொல்லுதுன்னு கெளப்பிவிட்டான். 2019 பிப்ரவரியில இங்கிலாந்துல ஒரு உள்ளூர் ஃபேஸ்புக் குரூப்ல ஒரு அம்மா போட்ட எச்சரிக்கைய பத்திரிகை எடுத்துச்சு, அதப் பாத்து ஸ்கூல்லாம் பெற்றோருக்கு லெட்டர் விட்டுச்சு, போலீஸ் எச்சரிச்சுது, போலீஸ் எச்சரிச்சதே அடுத்த நாள் செய்தி. குழந்தைங்க பாதுகாப்புக்காக வேலை செய்ற என்எஸ்பிசிசி, எங்களுக்கு பெற்றோர்கிட்ட இருந்து வந்த போனைவிட பத்திரிகைக்காரங்க போன்தான் ஜாஸ்தின்னு சொல்லிடுச்சு. யாரும் செத்ததா ஆதாரம் இல்லன்னு தொண்டு நிறுவனங்களும், அப்படி வீடியோ இருக்கிறதா ஆதாரம் கிடைக்கலன்னு யூடியூபும் சொன்னாங்க. அதுக்குள்ள அந்த மூஞ்சிய பாக்காத குழந்தை இல்ல, காமிச்சது யாரு, எச்சரிக்கை பண்ணின பெரியவங்கதான்! இதுல கொடுமை என்னன்னா இவ்ளோ கூத்து நடந்தப்ப அந்தச் சிற்பமே உலகத்துல இல்ல, மக்கிப் போச்சுன்னு செஞ்சவரே முந்தின வருஷம் குப்பையில போட்டுட்டார்.

ஜனங்க முட்டாள், எதச் சொன்னாலும் நம்பிடுவாங்கன்னு சொல்றவங்க 1938 அக்டோபர் 30 ரேடியோ நாடகத்தை இழுப்பாங்க, ஆர்சன் வெல்ஸ்ங்கிற அமெரிக்க நடிகர் செவ்வாய்க் கிரகத்துக்காரங்க படையெடுக்கிற நாடகத்த செய்தி மாதிரி வாசிச்சார், அமெரிக்காவே தெருவுல ஓடுச்சுன்னு. கொஞ்ச பேர் பயந்தது உண்மை, போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் வந்தது உண்மை. ஆனா அன்னிக்கு ராத்திரி சுமார் 5,000 வீட்டுக்கு போன் போட்டு எடுத்த நேயர் கணக்குல அந்த நாடகத்த கேட்டுட்டு இருந்தது வெறும் 2% பேர்தான். பீதிக் கதைய பெருசாக்கினது மறுநாள் பத்திரிகைங்க, விளம்பர வருமானத்த ரேடியோ பிடுங்கிட்டுப் போன கடுப்பு வேற அவங்களுக்கு இருந்துச்சு. ஆக மீடியாவ நம்பி ஊரே ஏமாந்த கதைன்னு நாம சொல்லிட்டு இருக்கிறதே மீடியா பண்ணின லெஜண்ட்.

இப்ப இருக்கிற நிலைமைக்கு 2018ல அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழக ஆளுங்க ட்விட்டர்ல 2006ல இருந்து 2017 வரைக்கும் பரவின சுமார் 1,26,000 செய்திச் சங்கிலிங்கள அலசினாங்க. பொய்ச் செய்தி ரீட்வீட் ஆகிற வாய்ப்பு உண்மையைவிட 70% அதிகம், 1,500 பேர்கிட்ட போய்ச் சேர உண்மைக்கு ஆறு மடங்கு நேரம். தானா ட்வீட் போடுற புரோகிராம்ங்க (bot) வேலைன்னு நினைச்சா அதுவும் இல்ல, அதுங்க ரெண்டையும் ஒரே மாதிரிதான் தள்ளுதுங்க, வித்தியாசம் மனுஷங்களாலதான். பொய்க்கு வந்த ரிப்ளைங்கள்ல தூக்கலா இருந்தது ஆச்சரியமும் அருவருப்பும், ஹீத் சொன்ன அதே எலி.

2018ல இந்தியாவுல புள்ள புடிக்கிறவங்க வதந்தியில அப்பாவிங்க அடிச்சுக் கொல்லப்பட்டாங்க, அப்ப சுத்தின ஒரு வீடியோ கராச்சியில குழந்தை பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்ல வந்து குழந்தைய தூக்குறவங்க கடைசியில திருப்பி விட்டுட்டு எச்சரிக்கை எழுதின அட்டையக் காட்டுவாங்க, அந்தக் கடைசித் துண்ட மட்டும் வெட்டிட்டாங்க. அதுக்கப்புறம் வாட்ஸ்அப் இந்தியாவுல ஃபார்வர்ட ஒரு தடவைக்கு 5 சாட்டுன்னு சுருக்குச்சு, 2020 ஏப்ரல்ல, ஏற்கனவே நிறைய தடவை ஃபார்வர்ட் ஆன மெசேஜ ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம்னு ஆக்குச்சு, அந்த வகை மெசேஜ் 70% கொறஞ்சதா அவங்களே சொன்னாங்க. ஆனா அதே மெசேஜ காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணினா ஃபார்வர்ட்ங்கிற லேபிளே வராது, அனுப்புனவர் அவரே டைப் பண்ணின மாதிரிதான் போய் நிக்கும்.