மட்கார்டில் விரித்த கம்பளி

குன்னூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. 1961 முதல் சென்னையில் தயாரான இந்தக் காரில் பானெட்டும் முன் மட்கார்டுகள் இரண்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும் என்பதால், என்ஜினைச் சுற்றி நின்று வேலை செய்ய இதைவிட வசதியான பழைய காரை நான் பார்த்ததில்லை. அம்பாசடரில் மெக்கானிக் மட்கார்டின் மீது வயிற்றைச் சாய்த்துக் குனிந்தாக வேண்டும். ஹெரால்டில் டயரின் மீதே உட்கார்ந்துகொள்ளலாம். இருந்தும் எங்கள் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுநர் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் ஆறிய பாலின் ஏடு போலச் சுருங்கிக் கிடக்கிறது. பெயிண்ட் கெட்டுவிடக் கூடாதே என்று அந்த இடத்தில் நல்ல கம்பளி ஒன்றை நான்காக மடித்து விரித்திருந்தோம். பிரேக் சிலிண்டரைக் கழற்றியபோது சொட்டிய ஆயில் கம்பளிக்குள் இறங்கியது யார் கண்ணுக்கும் படவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வாஷர் கிட் வரும் வரை இரண்டு நாள் வேலை நின்றது. மூன்றாம் நாள் கம்பளியைத் தூக்கியபோது பெயிண்டும் அதனுடன் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது.

துணி விரிக்காமல் இருந்திருந்தால் ஆயில் சொட்டியது உடனே தெரிந்திருக்கும், ஒரு குவளைத் தண்ணீரில் கழுவியிருப்போம். காவலுக்கு வைத்ததே கெடுத்தது எப்படி என்று புரிந்துகொள்ள, முதலில் பெயிண்ட் என்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

ஒரு காரின் தகட்டின் மேல் பிரைமர், பட்டி, நிறம் என்று எத்தனை பூச்சுகள் இருந்தாலும், மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றிரண்டின் கனம். இந்த மெல்லிய படலம் எவ்வாறு காய்ந்து இறுகியது என்பதைப் பொறுத்தே அதன் பலமும் பலவீனமும் அமைகின்றன. 1920-களில் கார்களுக்கு வந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட், நம் பட்டறைகளில் இன்றும் டுகோ என்றும் என்.சி. என்றும் அழைக்கப்படுவது, தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. உள்ளே எந்த வேதிவினையும் நடப்பதில்லை; நீண்ட மூலக்கூறுகள் வேகவைத்து ஆறிய சேமியா போல ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன, அவ்வளவுதான். எனவே அடித்து ஐம்பது ஆண்டு ஆனாலும் தின்னர் பட்டால் மறுபடியும் கரையும். சிந்தெடிக் எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் மெல்ல வினைபுரிந்து இறுகுவது; ஓரளவு தாங்கும். ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யூ. என்னும் பாலியூரிதேன் பெயிண்டில் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து வலையாகிவிடுவதால், கரைப்பான் பட்டால் அது உப்பலாமே தவிர முழுதும் கரைந்து வராது. உங்கள் காரில் எது இருக்கிறது என்று அறிய, கதவின் உள்விளிம்பு போன்ற மறைவான ஓரிடத்தில் தின்னர் தொட்ட பஞ்சால் ஒரு முறை ஒற்றிப் பார்த்தால் போதும். பஞ்சில் நிறம் தாராளமாக ஏறினால் அது என்.சி. பெயிண்ட்தான்.

கீறல் ஏற்படுவதை விளங்கிக்கொள்ளப் பள்ளிக்கூடக் கணக்கே போதுமானது. மட்கார்டின் மீது குனிகிற ஒருவர் தம் எடையில் 10 கிலோவை மட்டும் பெல்ட்டின் பக்கிள் முனை வழியாக இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த முனை தகட்டைத் தொடும் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் என்றால், அங்கே விழும் அழுத்தம் ஏறத்தாழ 98 மெகாபாஸ்கல், 30 பி.எஸ்.ஐ. காற்றடைத்த கார் டயரினுள் இருக்கும் அழுத்தத்தைப்போல் 470 மடங்கு. அதே 10 கிலோ, பத்து சென்டிமீட்டர் நீள அகலமுள்ள மெத்தென்ற துணியின் வழியாக இறங்கினால் அழுத்தம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்து, டயரின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. துணி செய்யும் முதல் வேலை இப்படிப் பாரத்தைப் பரப்புவதுதான். சமவெளியில் பக்கிளுக்கு மட்டும் அஞ்சினால் போதும். மலையில் மெக்கானிக் முதல் வீட்டுக்காரர் வரை எல்லோரும் ஸ்வெட்டரும் ஜெர்கினும் போட்டுத்தான் வேலை செய்கிறோம். அவற்றின் ஜிப் சரியாக மட்கார்டின் உயரத்தில் வந்து நிற்கும். குனிவதற்கு முன் ஜெர்கினைக் கழற்றி, ஸ்வெட்டரை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளும் ஒரு மெக்கானிக்கை எனக்குத் தெரியும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அவர் கைபட்ட காரில் புதுக் கீறலைக் கண்டதில்லை.

பாரத்தைப் பரப்பினால் மட்டும் போதாது, துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். நீலகிரி மலை சார்னோகைட் என்னும் பாறையால் ஆனது. அதிலுள்ள குவார்ட்ஸ் மண்ணிலும் சாலைப் புழுதியிலும் நுண்துகளாகக் கலந்திருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, ஜன்னல் கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.5. கண்ணாடியையே கீறக்கூடிய துகள், பென்சில் முனையால் கடினத்தைச் சோதிக்கும் அளவுக்கு மென்மையான பெயிண்டை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. புழுதி படிந்த மட்கார்டின் மீது மெத்தென்ற கம்பளியை விரித்து, அதன்மேல் சாய்ந்து அரை மணி நேரம் அசைந்து வேலை செய்வது, உப்புத்தாளைத் தலைகீழாக ஒட்டிவைத்துத் தேய்ப்பதற்கு ஒப்பானது. அதனால்தான் விரிப்பதற்கு முன் தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஓடவிட வேண்டும். காய்ந்த துணியால் தட்டுவதோ துடைப்பதோ கூடாது. பட்டறைகளில் கை துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் அந்தத் துண்டுத் துணிகளில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள்: தடித்த தையல் ஓரம், நைலான் நூல், சில நேரம் அறுந்த எலாஸ்டிக், முந்தைய வேலையில் ஒட்டிய இரும்புத் தூள். கைக்கு அது நல்லது, பெயிண்டுக்கு ஆகாது. மட்கார்டில் தானே ஒட்டிக்கொள்ளும் காந்த விரிப்புகளையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. அந்தக் காந்தம் இரும்புத் தூளையும் சேர்த்தே இழுத்து அடியில் வைத்துக்கொள்கிறது.

அடுத்தது திரவங்கள். ஒரு திரவம் பெயிண்டை எவ்வளவு கெடுக்கும் என்பது, அதன் கரைக்கும் ஆற்றலையும் அது அங்கே தங்கும் நேரத்தையும் சேர்த்தே தீர்மானமாகிறது. கார்பரேட்டரிலிருந்து சிந்தும் பெட்ரோல் விரைவில் ஆவியாகிவிடுவதால் பெரும்பாலும் கறையோடு நின்றுவிடும். ஆனால் இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை கலந்திருக்கும் எத்தனால், என்.சி. பெயிண்டை இளக்குவதற்குத் துணைபோகும் கரைப்பான் என்பதால் முன்போல அசட்டையாக இருப்பதற்கில்லை. என்ஜின் ஆயில் வழுக்குமே தவிர உடனடியாகப் பெரிய கேடு செய்யாது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் டாட் 3, டாட் 4 திரவங்களோ வேறு வகை. பெயர்தான் ஆயில், உண்மையில் அவை கிளைக்கால் ஈதர்கள் (glycol ether) என்னும் கரைப்பான் இனத்தவை. பெயிண்டர்களின் அலமாரியில் இவற்றின் நெருங்கிய உறவு ஒன்று எப்போதும் இருக்கும்: மழைக்காலத்தில் என்.சி. பெயிண்ட் மெல்லக் காய வேண்டும் என்று தின்னரில் சேர்க்கும் ரிடார்டரில் உள்ள பியூட்டைல் செல்லோசால்வும் கிளைக்கால் ஈதர்தான். பெயிண்டைக் கரைத்து நீர்மமாக வைத்திருக்கவே சேர்க்கப்படும் ஒரு பொருளின் இனத்தாரைக் காய்ந்த பெயிண்டின் மேல் ஊற்றினால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. சிறிய மூலக்கூறுகள் பெயிண்டின் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே நுழைந்து அவற்றை விலக்குகின்றன, படலம் உப்புகிறது, தகடு அப்படியே இருக்கப் பெயிண்ட் மட்டும் விரிவதால் போக இடமின்றிச் சுருக்கம் விழுகிறது, பிடிப்பும் விட்டுப்போகிறது.

இதில் தங்கும் நேரம்தான் கொடுமை. டாட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. சூடேறும் பிரேக்கில் ஆவியாகக் கூடாது என்பதற்காக வைத்த இந்தக் குணத்தாலேயே, 15 டிகிரி குளிரில் நிற்கும் காரின் மேல் சிந்திய ஆயில் தானாகக் காய்ந்து போவதில்லை. கம்பளி அதை உறிஞ்சி, காற்றுப் படாமல் பெயிண்டோடு ஒட்டவைத்து, ஈரப் பற்றுப் போட்டதுபோல இரண்டு நாள் வைத்திருந்தது. நல்ல வேளையாக இந்தத் திரவம் தண்ணீரில் முழுமையாகக் கலக்கக்கூடியது. சிந்தினால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, சோப்பு நீரிலும் ஒரு முறை கழுவினால் பெரும்பாலும் தப்பிவிடலாம். தேய்ப்பது சிந்திய இடத்தை அகலமாக்குவதோடு, இளகிய படலத்தை இழுத்தும் விடுகிறது. சிலிக்கோனால் ஆன டாட் 5 பெயிண்டை அரிக்காது என்பது உண்மையானாலும், பழைய திரவம் இருந்த அமைப்பில் அதைக் கலந்து ஊற்றுவது பிரேக்குக்கே ஆபத்து.

இந்தக் காரணங்களால் நான் இப்போது மூன்று அடுக்காக விரிக்கிறேன். கழுவிக் காய்ந்த மட்கார்டின் மேல் துவைத்த ஃபிளானல் துணி. அதன்மேல் திரவம் இறங்காதபடி தடித்த பாலிதீன் தாள். அதற்கும் மேல், ஸ்பேனர் விழுந்தாலும் தாங்குவதற்கும் சொட்டுவதை உறிஞ்சுவதற்கும் பழைய கம்பளி. மேலே உள்ள கம்பளி நனைந்தால் மாற்றிவிடலாம், அடியிலுள்ள துணிக்கு ஈரம் போகாது. பிரேக் வேலைக்கு மேலடுக்கில் வெள்ளைத் துணி போடுவது இன்னும் நல்லது. சொட்டு விழுந்தவுடன் தெரியும். விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டுபவர்கள், பிடிப்பு விட்ட பழைய பெயிண்ட் டேப்போடு உரிந்து வரக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மலையில் இந்த மூன்று அடுக்கை ராத்திரிக்கு விட்டுவைக்கக் கூடாது. இருட்டிய பின் காரின் தகடு வானத்தை நோக்கி வெப்பத்தை உமிழ்ந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். மஞ்சு என்னும் மூடுபனி இறங்கும் ஊரில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால், சிறிது குளிர்ந்தாலும் தகட்டில் நீர் கோத்துக்கொள்ளும். திறந்த மட்கார்டில் அது காலை வெயிலில் போய்விடும். பாலிதீனுக்கு அடியிலோ அது போக வழியில்லை. எந்தப் பெயிண்டும் முழுமையாக நீர் புகாதது அன்று. தொடர்ந்து ஈரம் நின்றால் நீராவி மெல்ல உள்ளே இறங்கும். அடியில் பெயிண்டரின் கை வியர்வையோ, உப்புத்தாள் போட்டுச் சரியாகக் கழுவாத தண்ணீரின் உப்போ இருந்துவிட்டால், சவ்வூடு பரவல் விதிப்படி அந்த உப்பு நீரை மேலும் மேலும் இழுத்து, கொப்புளமாக எழும்பும். மழைக்காலம் முழுவதும் தார்ப்பாய் போட்டு மூடிய கார்களில் அம்மை போட்டதுபோல இருக்கும் கொப்புளங்கள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

குளிருக்கே உரிய இன்னொரு குணமும் உண்டு. வெப்பம் குறையக் குறையப் பெயிண்டின் வளையும் தன்மை குறைந்து கண்ணாடியின் தன்மை கூடுகிறது. ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் பழைய என்.சி. பெயிண்டின் மேல் விழும் ஸ்பேனர், பகலில் பள்ளம் மட்டும் விழவேண்டிய இடத்தில் சில்லாகப் பெயர்த்துவிடும். பானெட்டைக் கழற்றுவது, செயின் பிளாக்கில் என்ஜினைத் தூக்குவது போன்ற, எங்காவது தட்டி முட்டக்கூடிய வேலைகளை வெயில் ஏறிய பின் வைத்துக்கொள்வதும், தொங்கும் சங்கிலியைச் சாக்கால் சுற்றிவிடுவதும் இதனால்தான்.

பேட்டரியைப் பற்றி ஒரு வரி போதும்: அமிலம் சிந்தினால் ஆப்ப சோடா கரைத்த நீரை நுரை அடங்கும் வரை ஊற்றிக் கழுவ வேண்டும். ரேடியேட்டரில் மலை ஏற்றம் தன் பங்கைச் செய்கிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து ஏறி வந்த காரின் ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறந்தால், அழுத்தம் விட்ட கணமே உள்ளிருக்கும் நீர் துருவோடு பீறிட்டு, கையைச் சுடுவதுடன் மட்கார்டுகள் இரண்டிலும் தெறிக்கும். குளிர்ந்த பெயிண்டில் விழும் சூடான துருநீரின் கறையைப் பிறகு பாலிஷ் போட்டாலும் எடுப்பது கடினம்.

எங்கள் ஹெரால்டின் சுருங்கிய இடத்தைச் சுரண்டிப் பிரைமர் வரை ஆயிற்று. நிறம் அடிக்க மட்டும் பெயிண்டர் மறுத்துவிட்டார். தின்னர் ஆவியாகும்போது தகட்டிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால், ஈரக் காற்றில் அடித்த பெயிண்டின் மேலேயே நீர் படிந்து நிறம் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பது அவருடைய அனுபவம். ரிடார்டர் கலந்து அடிக்கலாமே என்று கேட்டேன். "இந்த மஞ்சுக்கு எவ்வளவு ஊத்தினாலும் பத்தாது சார், பிப்ரவரி வெயில் வரட்டும், மத்தியானம் ஒரு மணிக்கு வந்து அடிச்சுத் தரேன்" என்றார். அதுவரை அந்த இடத்தில் எதையும் விரிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.