தோற்ற நாலாவது நிமிடத்தில் போன எண்பது ரூபாய்

"வரும்போது பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று போனில் சொன்னதும் அந்த அம்மா தயங்கினார். "பையனுக்கு கவுன்சிலிங்னுதானே மேடம் வர்றோம், அது எதுக்கு?" என்றார்.

பையன் ஆடிய மொபைல் விளையாட்டில் நான்கு மாதத்தில் 38,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. தையல் வேலை பார்த்து, மகளிர் குழுக் கடனுக்குக் கட்ட ஒதுக்கி வைத்த பணம். பையனுக்கு வயது 15. ஒவ்வொரு தடவையும் 80, 160 என்று சின்னச் சின்னதாகப் போனதால் யார் கண்ணிலும் படவில்லை. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவன் ஆடிய விளையாட்டின் பெயரும் வேண்டாம்.)

ஸ்டேட்மென்ட்டை மேசையில் விரித்தோம். பக்கத்திலேயே பையனின் போனில் மேட்ச் ஹிஸ்டரியை, அதாவது ஆடிய ஆட்டங்களின் பட்டியலை, திறக்கச் சொன்னேன். ஒரே ஒரு இரவை மட்டும் எடுத்துக்கொண்டோம். 10.52க்கு ஒரு மேட்ச் முடிகிறது, 41ஆவது இடம். 10.56க்கு 80 ரூபாய். 11.19க்கு இன்னொரு மேட்ச், இரண்டாவது இடம். 11.21க்கு 160. 11.23க்கு மறுபடியும் 160. அடுத்த மேட்ச்சில் ஜெயித்திருக்கிறான். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

அவன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஜெயிச்சப்ப நான் வாங்கவே இல்ல மேடம்" என்றான். அதுவரை அது அவனுக்கே தெரியாது.

திருச்சியில் வளரிளம் பிள்ளைகளுக்கான உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் பணத்தை விட்ட பையன்கள் வரும்போதெல்லாம் இப்படி இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். பிள்ளைக்கு ஸ்கின் (விளையாட்டுக்குள் ஆளுக்கும் துப்பாக்கிக்கும் போடும் அலங்கார உடை, பெயிண்ட்) மேல் ஆசை, அதனால் வாங்குகிறான் என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள். நான் பார்த்த கணக்குகளில் ஆசைக்குப் போன பணம் குறைவு. தோற்றவுடன், அதுவும் நாலு நண்பர்கள் மைக்கில் இருக்கும்போது தோற்றவுடன், போன பணம்தான் அதிகம்.

இந்த விளையாட்டுகளில் தோற்பது என்பது எப்படி இருக்கும் என்று பெரியவர்கள் ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 20 நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்து, ஊர்ந்து, ஓடி, கடைசி இரண்டு பேரில் ஒருவனாக வருகிறான். எங்கிருந்தோ ஒரு குண்டு. முடிந்தது. சுட்டவன் யார், என்ன உடை போட்டிருக்கிறான், அவன் துப்பாக்கி எப்படி மின்னுகிறது என்பதைப் பல விளையாட்டுகள் உடனே திரையில் காட்டுகின்றன. காதில் "உன்னாலதான்டா போச்சு" என்று நண்பன் கத்துகிறான். இலவசமாக வரும் சாதா உடையில் ஆடுகிறவனை 'பாட்' (கம்ப்யூட்டர் ஆட்டும் பொம்மை), 'நூப்' (கத்துக்குட்டி) என்று கூப்பிடுவதும் உண்டு. 41ஆவது இடம் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். இரண்டாவது இடம் அப்படி மறக்காது. 'ஜஸ்ட் மிஸ்' ஆனது உடம்புக்குள் நின்று கொதிக்கும். அந்தக் கொதிப்போடு அவன் லாபிக்கு (அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் முகப்புத் திரைக்கு) திரும்பினால், அங்கே கடை திறந்திருக்கிறது. '23 மணி நேரம்தான் பாக்கி' என்று கடிகாரம் ஓடுகிறது. சில மொபைல் விளையாட்டுகளில் ஸ்கின் போட்ட துப்பாக்கிக்குத் தாக்கமோ வேகமோ நிஜமாகவே கொஞ்சம் கூடுகிறது. ஆகவே 'அது இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன்' என்று அவன் நினைப்பதை முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

தோல்விக்குப் பக்கத்தில் கடை இருப்பதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. கால் ஆஃப் டியூட்டி விளையாட்டை வெளியிடும் ஆக்டிவிஷன் நிறுவனம் 2015இல் விண்ணப்பித்து 2017 அக்டோபரில் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை ஒன்று இருக்கிறது. யாரை யாரோடு மோதவிட்டால் பொருள் வாங்கத் தோன்றும் என்று கணக்குப் போடும் முறை அது. புதிதாக ஆடுகிறவனை, நல்ல ஆயுதம் வைத்திருக்கும் கைதேர்ந்தவனோடு சேர்த்துவிட்டால், அதைப் பார்த்து இவனும் வாங்குவான் என்கிறது. வாங்கியவனை, வாங்கிய பொருள் நன்றாக வேலை செய்யும் ஆட்டத்தில் இறக்கிவிடவும் அதில் வழி இருக்கிறது. எந்த விளையாட்டிலும் இதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் யாரோ ஒருவர் உட்கார்ந்து இதை யோசித்து, எழுதி, காப்புரிமையும் வாங்கியிருக்கிறார். எதிரில் இருக்கிற 15 வயதுப் பையனிடம் "உனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கோபத்தில் வாங்குகிறான் என்பது பாதிக் கதைதான். மீதிப் பாதி, அவன் வாங்குவது பொருளே இல்லை என்பது. ஒரு பெட்டியைத் திறக்கும் வாய்ப்பை, ஒரு சக்கரத்தைச் சுற்றும் வாய்ப்பைத்தான் வாங்குகிறான். கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாட்டில் 2013இல் ஆயுதப் பெட்டிகள் வந்தன. பெட்டியைத் திறக்கும் சாவி சுமார் 2.50 டாலர். விளையாட்டு நிறுவனங்கள் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று சீனா 2017இல் விதி கொண்டுவந்த பிறகு கணக்கு வெளியே வந்தது. எல்லோரும் ஏங்கும் கத்தி போன்ற அபூர்வப் பொருள் விழ வாய்ப்பு 0.26 சதவீதம். சராசரியாக 385 பெட்டிக்கு ஒன்று. பத்தில் எட்டு முறை விழுவது மிகச் சாதாரண ரகம்.

இந்த 385ஐ வைத்து, என்னிடம் வரும் பையன்களோடு ஒரு கணக்குப் போடுவேன். "385 பெட்டி திறந்தா கத்தி கட்டாயம் வருமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "வரும்" என்பார்கள். நூறு பேர் ஆளுக்கு 385 பெட்டி திறந்தாலும் அதில் சுமார் 37 பேர் கத்தி இல்லாமல்தான் எழுந்து போவார்கள். ஆளுக்கு 80,000 ரூபாய் செலவழித்த பிறகு! முன்னால் திறந்த பெட்டிகளை அடுத்த பெட்டி ஞாபகம் வைத்திருப்பதில்லை. 'இவ்வளவு நேரம் விழல, இனி விழுந்துதானே ஆகணும்' என்று நம் மனம்தான் கணக்கு வைத்துக்கொள்கிறது. எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாதான் ஓயாமல் கொத்தும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பரிசோதனையில் காட்டிவிட்டார்.

பெட்டியைத் திறக்கும்போது பொருள்கள் வரிசையாக ஓடி, வேகம் குறைந்து, சில சமயம் அபூர்வப் பொருளைக் குறிக்கும் தங்க நிறத்துக்கு ஒரு கட்டம் தள்ளி நிற்கும். ஐயோ, ஒரு கட்டம்! என்ன விழும் என்பதோ பெட்டியைத் திறந்த நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. ஓடி நிற்பது வெறும் படம். ஆனால் இப்போதுதான் இரண்டாவது இடத்தில் தோற்று வந்தவனுக்கு இது இன்னொரு 'ஜஸ்ட் மிஸ்'.

மொபைல் விளையாட்டுகளில் வரும் ஒருவகைச் சக்கரம் இதைவிடச் சாமர்த்தியமானது. பத்துப் பொருளைக் காட்டி, வேண்டாத இரண்டை நீயே எடுத்துவிடு என்கிறது. எடுத்ததும், ஆட்டம் தன் கையில் இருப்பதுபோல் அவனுக்கு ஒரு நினைப்பு. முதல் சுற்று 9 டைமண்ட்தான் (டைமண்ட் என்பது ரூபாய் கொடுத்து வாங்கும் விளையாட்டுக் காசு). பிறகு 19, 39, 69 என்று ஏறி, கடைசிச் சுற்று 499. ஐந்தாவது சுற்றில் நிறுத்தினால் அதுவரை போட்டது வீண் என்று தோன்றும். இந்தப் பையன் நிறுத்தாமல் போன இடமும் இதுதான். எல்லாம் டைமண்ட் கணக்கில் நடப்பதால் ரூபாய் நினைவுக்கே வராது. "499 டைமண்ட்னா அம்மா எத்தனை ஜாக்கெட் தைக்கணும்?" என்று கேட்டேன். குத்திக்காட்டக் கேட்கவில்லை, அவன் ஒரு தடவையாவது கணக்குப் போட வேண்டும் என்றுதான் கேட்டேன். விரலை மடக்கி எண்ணினான். பதில் சொல்லவில்லை.

சில நாடுகள் இதை நேராகவே சூதாட்டம் என்று சொல்லிவிட்டன. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் கவுண்டர் ஸ்ட்ரைக், ஓவர்வாட்ச் போன்றவற்றின் பெட்டிகள் தன் நாட்டுச் சட்டத்துக்கு எதிரானவை என்றது. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், ஏமாற்றும் பட்டன் அமைப்பால் ஆட்களை வாங்க வைத்தது என்ற புகாரில் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்தின் குறி, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்கள். ஆனால் பெட்டியிலிருந்து வருவது பணமில்லை, சட்டையும் துப்பாக்கிப் பெயிண்டும். நம் வீட்டுக் கதவை நாமே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைமைதான் இப்போதைக்கு.

பணம் போனது வீட்டில் தெரியவரும் அந்த ஒரு இரவுதான் எனக்கு எப்போதும் பயம். பையனுக்கு ஏற்கெனவே உள்ளே அவமானம் குமைந்துகொண்டிருக்கும். அன்றைக்குப் போய் சொந்தக்காரர்களைக் கூட்டிவைத்து விசாரிக்க வேண்டாம். அடிக்கவே வேண்டாம். "எவ்வளவு போச்சுன்னு சேர்ந்து பார்ப்போம், சாப்பிட்டுட்டு வா" என்ற அளவில் அன்றைய பேச்சு முடிந்தால் போதும். தனியாக உட்கார்ந்துகொள்கிறான், சாகலாம் போல இருக்கிறது என்கிறான் என்றால் காத்திருக்காமல் 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் போன். பல வீடுகளில் கரண்ட் பில் கட்டுவது, கேஸ் புக் பண்ணுவது எல்லாம் பையன்தான், அதனால் யூபிஐ பின் அவனுக்குத்தான் மனப்பாடம். இந்த அம்மா புது பின் போட்டபோது, சொல்லாமலே அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பின்னை மட்டும் மாற்றினால் போதாது. யூபிஐ லைட்டில் சின்னத் தொகைக்கு பின் கேட்காது, அதைப் பாருங்கள். பிளே ஸ்டோரில் சேமித்து வைத்த கார்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். விளையாட்டுக் கணக்கில் அவன் என்ன பிறந்த வருடம் போட்டிருக்கிறான் என்றும் பாருங்கள். 18 தாண்டியதாகப் போட்டிருந்தால் சிறார்களுக்கான கட்டுப்பாடு எதுவும் அவனுக்குப் பொருந்தாது.

விளையாட்டையே நிறுத்தச் சொல்லி நான் ஆரம்பிப்பதில்லை. இந்தப் பையனிடம் கேட்டது ஒன்றுதான்: தோற்றால் அரை மணி நேரம் கடைப் பக்கம் போகாதே, அப்போது என்ன தோன்றியது என்று மட்டும் ஒரு நோட்டில் எழுது. முதல் வாரம் ஏழு இடத்தில் 'கடுப்பு' என்று எழுதியிருந்தான். மூன்றாவது வாரம் ஒரு இடத்தில் 'அழுகை வந்துச்சு' என்று இருந்தது. அதைப் பற்றித்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. பிளே ஸ்டோர் வழியாகப் பணம் போனது கண்ணில் பட்டால், வாங்கிய 48 மணி நேரத்துக்குள் திருப்பிக் கேட்டு விண்ணப்பியுங்கள். எல்லாமே கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. நாலு மாதம் கழித்து வந்த இவர்களுக்கு அந்த வழியும் இல்லாமல் போனது.