ஒன்பது கஜம், எதில்?

அமெரிக்கர் ஒருவர் 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' என்றால், ஒன்று விடாமல் எல்லாம் என்று பொருள். நேராகப் பார்த்தால் 'முழு ஒன்பது கஜம்'. சரி, எதில் ஒன்பது கஜம்? ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் விமானங்களின் இயந்திரத் துப்பாக்கியில் தோட்டாச் சரம் 27 அடி, அதாவது 9 கஜம், அத்தனையையும் எதிரி மேல் சுட்டுத் தீர்த்ததால் வந்தது என்பது ரொம்பப் பிரபலம். கான்கிரீட் லாரியின் கொள்ளளவு என்பார்கள், ஸ்காட்லாந்துப் பாவாடைத் துணி என்பார்கள். நம் ஒன்பது கஜப் புடவையைக்கூட விட்டுவைக்கவில்லை.

இந்த மாதிரிக் கதைகளைச் சோதிக்கச் சொல்லாய்வாளர்கள் பார்ப்பது தேதியைத்தான். போரில் பிறந்ததாகச் சொல்லும் சொற்றொடர், அந்தப் போருக்கு முன்பே அச்சில் இருந்தால் கதை முடிந்தது. ஆனால் ரொம்ப நாள் 1950களுக்கு முந்தைய சான்று எதுவும் சிக்கவில்லை. சின்ன ஊர்ப் பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்ட யாரால் முடியும்? அவற்றை ஸ்கேன் செய்து, எழுத்துகளைக் கணினியே படித்துத் தேடித்தரும் வசதி வந்த பிறகுதான் வழி பிறந்தது.

2012-ல் பானி டெய்லர்-பிளேக் என்பவர் கென்டக்கி மாநிலத்தின் 1912-ஆம் ஆண்டுப் பத்திரிகை ஒன்றில் அதைக் கண்டுபிடித்தார். தொழிலால் அவர் நரம்பியல் ஆய்வாளர், சொல் வேட்டை பொழுதுபோக்கு. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கும் அப்போதைய அதிபர் டாஃப்ட்டுக்கும் ஒரே கட்சிக்குள் குடுமிப்பிடி சண்டை நடந்த நேரம். சூடு ஏறினால் இருவரும் எல்லாவற்றையும் கக்கிவிடுவார்கள் என்று கேலி செய்த அந்தப் பத்திரிகை எழுதியது 'முழு ஆறு கஜம்'!

தேதி முந்தியதைவிட இந்த ஆறுதான் பெரிய அடி. எண் இப்படி மாறக்கூடியது என்றால், 9 கஜத்துக்கு அளவெடுத்துத் தைத்த அத்தனை கதைகளும் ஆட்டம் கண்டுவிடும். யேல் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் ஷப்பிரோ இதை எண் வீக்கம் என்கிறார். விலைவாசி மாதிரி எண்ணும் ஏறிக்கொண்டே போகும். ஆனந்தத்தில் மிதப்பவரை ஆங்கிலத்தில் இன்று ஒன்பதாம் மேகத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். அதே மேகம் முன்பு ஏழாவதாகவும் எட்டாவதாகவும் இருந்திருக்கிறது.

அப்புறம் 1908-ஆம் ஆண்டு இண்டியானா பத்திரிகை ஒன்றில் ஒன்பது கஜமும் கிடைத்தது. மீன்பிடிக்கப் போன ஒருவர் பெரிய கதையோடு திரும்பியிருக்கிறார், யாராவது அப்பாவி மாட்டினால் முழு ஒன்பது கஜத்தையும் அவிழ்த்துவிடுவார் என்று நக்கல். ஆக, ஒரே காலத்தில் ஆறும் ஒன்பதும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் புழங்கியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்கு இன்னும் 30 வருஷம் இருந்தது.

அதற்காக எல்லா மூலக்கதையும் புருடா இல்லை. அதே பொருள் தரும் 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' உண்மையிலேயே துப்பாக்கியிலிருந்து வந்ததுதான்: சுடும் விசைப்பொறி, மரக்கட்டை, குழல். பழைய துப்பாக்கியில் இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இராது.