படுவான்கரையும் அலைக்கற்றைக் கட்டணமும்

வலையிறவுப் பாலத்தைத் தாண்டி, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குள் போகப் போக போனில் கோடுகள் குறைந்தால், கம்பனியைத்தான் திட்டுவோம். திட்டலாம், தப்பில்லை. ஆனால் கோபுரம் எங்கே எழும்பும், எங்கே எழும்பாது என்பதில் ஒரு பங்கு, அலைக்கற்றைக்கு, அதாவது போன் பேசப் பயன்படும் வானொலி அலைவரிசைகளுக்கு, எப்படிக் கட்டணம் போடுகிறார்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

வானொலி அலைகள் எங்கும் இருப்பவைதான். ஆனால் ஒரே ஊரில் இரண்டு கம்பனிகள் ஒரே அலைவரிசையில் பேசினால் இரண்டுமே கேட்காது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வட்டவிதானை முறை வைப்பதைப் போல, இங்கேயும் யாராவது பங்கிட வேண்டும். எந்த அலைவரிசை செல்பேசிக்கு, எது விமானத்துக்கு என்பதை உலக மட்டத்தில் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுக்கிறது. அந்த வரம்புக்குள் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுத்து, கட்டணம் வாங்குவது நம் நாட்டில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்துக்கு 1996இல் வந்த திருத்தத்தால் உருவானது அது.

எல்லா அலைவரிசைக்கும் ஒரே விலை கிடையாது. பல சாம்சுங் போன்களில் *#0011# என்று அடித்தால், போன் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று காட்டும் ஒரு திரை வரும். அதில் பேண்ட் 8 என்றிருந்தால் 900 மெகாஹேர்ட்ஸ். பேண்ட் 3 என்றால் 1800. அலைவரிசை இரட்டிப்பானால், அதே வகை அன்டெனாவுக்கு, திறந்த வெளியிலேயே போய்ச் சேரும் வலு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிவிடும். மரமும் சுவரும் குறுக்கே வந்தால் இன்னும் மோசம். ஆகவே வெல்லாவெளி போன்ற பரந்த வயல்வெளிக்கு 900 லாபம்; கோபுரங்கள் குறைவாகப் போதும். காத்தான்குடி மாதிரி நெருக்கியடித்த ஊரிலோ, தூரம் போகாத அலைதான் வசதி. பக்கத்துத் தெருவிலேயே அதை மீண்டும் பயன்படுத்தி, நிறையப் பேருக்கு வேகம் கொடுக்கலாம். தாழ்ந்த அலைவரிசையில் கிடைக்கும் மெகாஹேர்ட்ஸே கொஞ்சம் என்பதால் அதற்குக் கிராக்கி அதிகம்.

கொடுப்பதற்கு மூன்று வழிகளை உலகம் முயன்று பார்த்திருக்கிறது: விண்ணப்பங்களை ஒப்பிட்டுத் தெரிவது, குலுக்கல், ஏலம். ஏலமும் தானாகச் சரியாக நடந்துவிடாது. 1990இல் நியூசிலாந்து, வென்றவர் தனக்கு அடுத்ததாக அதிகம் கேட்டவரின் தொகையைக் கட்டினால் போதும் என்று விதி வைத்தது. 100,000 டொலர் கேட்டவர் கட்டியது 6 டொலர்! குறைந்தபட்ச விலை வைக்க மறந்ததன் பலன். பத்து ஆண்டு கழித்து பிரித்தானியா ஐந்து மூன்றாம் தலைமுறை (3G) செல்பேசி உரிமங்களை 22.5 பில்லியன் பவுணுக்கு விற்றது.

இவ்வளவு கொட்டிக் கொடுத்தால் அது நம் பில்லில்தானே ஏறும் என்று தோன்றும். பொருளியலாளர் பலர் அப்படிச் சொல்வதில்லை. ஒருமுறை கட்டிய பணம் போனதுதான்; அதற்கப்புறம் கம்பனி பார்ப்பது, இன்னொரு கோபுரம் போட்டால் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதையே. (கடன் வாங்கிக் கட்டியிருந்தால் கதை கொஞ்சம் வேறு.) எனக்கு முக்கியமாகப் படுவது ஆண்டுக் கட்டணம். அதை மெகாஹேர்ட்ஸ் கணக்கில் போட்டால், நூறு கோபுரம் போட்டாலும் ஆயிரம் போட்டாலும் ஒரே தொகை. வாங்கிய அலையைச் சும்மா வைத்திருப்பதுதான் நட்டம். அதையே கோபுரத்திலிருந்து அலையை அனுப்பும் கருவி ஒவ்வொன்றுக்கும் போட்டால், ஆளில்லாத பக்கம் எழும்பும் ஒவ்வொரு கோபுரமும் கூடுதல் செலவு.

2018ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் ஒவ்வொரு கோபுரத்துக்கும் மாதம் 200,000 ரூபாய் வரி முன்மொழியப்பட்டது நினைவிருக்கலாம். அது அலைக்கற்றைக் கட்டணம் அல்ல. ஆனாலும் கணக்கு அதேதான். ஒரு கோபுரத்தின் கீழே 300 இணைப்புகள் என்று வையுங்கள். ஆளுக்கு மாதம் 667 ரூபாய் அந்த வரிக்கே போகும். கல்முனை நகரத்தில் அதே தொகையை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்துகொள்வார்கள். முதலில் எந்தக் கோபுரத்தைக் கைவிடுவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இன்னொரு வழி, உரிமத்திலேயே நிபந்தனை எழுதுவது. ஜெர்மனி 2010இல் 800 மெகாஹேர்ட்ஸை ஏலம் விட்டபோது, 5,000 பேருக்கும் குறைவான ஊர்களில் பெரும்பகுதிக்கு முதலில் சேவை கொடு, பெரிய நகரம் பிறகு என்றது. அப்படியும் கம்பனிகள் பில்லியன் கணக்கில் கொடுத்து வாங்கின. நிபந்தனையின் சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. 'மட்டக்களப்பு மக்களில் இத்தனை வீதம்' என்று எழுதினால், ஏறாவூரிலிருந்து களுவாஞ்சிக்குடி வரையான கரையோரமே பெரும்பகுதியை நிரப்பிவிடும். படுவான்கரையின் மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, போரதீவுப்பற்று என்று பிரதேச செயலகப் பிரிவு வாரியாக எழுதினால், கரையோர ஊரான எருவிலின் கோபுரத்தைக் காட்டி வெல்லாவெளிக்குக் கணக்கு முடிக்க முடியாது.