பக்கவாட்டில் ஆடும் பெடலைத் திருகு போட்டு இறுக்கிவிடாதீர்கள்

போன மாதம் ஒருவர் ஸ்டீல் கிடாருக்கான பழைய வால்யூம் பெடல் ஒன்றைக் கொண்டுவந்தார். கம்பிகள் மேல் இரும்புப் பட்டையை நகர்த்தி வாசிப்பது ஸ்டீல் கிடார்; அதற்கும் ஆம்புக்கும் (ஒலிபெருக்கி) நடுவே இருந்து, காலால் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது இந்தப் பெடல். “சத்தம் வருது, ஆனா கம்பளியைப் போத்தின மாதிரி இருக்கு” என்றார். திறப்பதற்கு முன்பே காரணம் கண்ணில் பட்டுவிட்டது. பழசாகிப்போன மிதிபலகையின் ஓரத்தில் புத்தம்புதுத் திருகு ஒன்று. பலகை இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருந்ததாம். கீல் தேய்ந்துவிட்டது என்று நினைத்து, துளைபோட்டு ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார். அந்த ஆட்டம்தான் டோன் கன்ட்ரோல்! ட்ரெபிள் (ஒலியின் கூர்மையான மேல்பகுதி) முழுக்கக் குறைந்துபோகும் கோடியில் அதைப் பூட்டி வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இன்றைய வால்யூம் பெடல்கள் மேலும் கீழும்தான் போகும். ஃபெண்டர் நிறுவனம் 1950களில் விற்ற வால்யூம்-டோன் பெடலுக்கும் டீஆர்மண்ட் நிறுவனத்தின் 610 மாடலுக்கும் இரண்டு அசைவுகள். முன்பாதத்தை அழுத்தினால் சத்தம் கூடும், குதிகாலை அழுத்தினால் குறையும். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் டோன் மாறும். மேலே குமிழோ எண்களோ கிடையாது. கம்பியை மீட்டிவிட்டுப் பாதத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினால் ஸ்டீல் கிடார் வாய் திறந்து ‘வா’ என்று சொல்வதுபோல் இருக்கும். 1967இல் வா-வா பெடல் விற்பனைக்கு வருவதற்கு முன்பே ஸ்டீல் வாசித்தவர்கள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினால் பளிச்சென்று ஒலிக்கும் என்பதைக் காதால் கேட்டு முடிவு செய்யுங்கள். எழுபது வருடத்தில் யார் யார் ஒயரை மாற்றிப் பற்றவைத்தார்களோ, யாருக்குத் தெரியும்?

உள்ளே பெரிய விஞ்ஞானம் இல்லை. பேட்டரி இல்லை, மின்சாரம் இல்லை. தண்டைத் திருப்பினால் மின்தடை மாறும் பொட்டென்ஷியோமீட்டர் இரண்டு (இனி ‘பாட்’), கப்பாசிட்டர் ஒன்று, கேபிளைச் செருகும் ஜாக் இரண்டு. பலகையின் அசைவைப் பாட்டின் தண்டுக்குக் கடத்துவது சில பெடல்களில் பல்சக்கரம், சிலவற்றில் தண்டைச் சுற்றிய நூல். நூல் தளர்ந்தால் பலகை போகும், தண்டு பின்தங்கும். கடைசிவரை மிதித்தாலும் முழுச் சத்தம் வராது. இதைப் பார்த்துவிட்டுப் பாட் போய்விட்டது என்று மாற்றுபவர்கள் உண்டு. நூலை இழுத்துக் கட்டினாலே போதும்.

சரி, மந்தமான ஒலிக்கு வருவோம். டோன் அசைவு சரியாக இருந்தும் ஒலி மந்தமாக இருந்தால் நான் முதலில் எடுப்பது மல்டிமீட்டர்தான். எல்லாக் கேபிளையும் பிடுங்கிவிட்டு, கிடார் பக்க ஜாக்கில் மட்டும் ஒரு கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். கப்பாசிட்டர் நேர்மின்னோட்டத்தைத் தடுப்பதால் டோன் பகுதி வழக்கமாக இந்த அளவில் குறுக்கிடாது. ஸ்டீல் கிடார் பெடலில் வழக்கமான பாட் 500 கிலோ ஓம். பழைய பாட்டில் 400 முதல் 600 வரை எது காட்டினாலும் கவலை வேண்டாம். 25 கிலோ ஓம் காட்டினால், கீபோர்டு போன்ற கருவிகளுக்கான பாட்டை யாரோ போட்டிருக்கிறார்கள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிடாரின் பிக்கப்புக்கு அந்தச் சுமை தாங்காது. ட்ரெபிள்தான் முதலில் போகும்.

அளந்துகொண்டே பலகையை மிதியுங்கள். கிடார் பக்க ஜாக்கில் எண் அசையாமல் நிற்க வேண்டும். ஆம்ப் பக்க ஜாக்கில்தான் அது பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டும். தலைகீழாக இருந்தால் ஜாக்குகள் இடம் மாறியிருக்கின்றன. அப்படியும் பெடல் ‘வேலை செய்யும்’. குதிகாலை அழுத்தினால் சத்தம் நிற்கும், முன்பாதத்தை அழுத்தினால் வரும். ஆனால் நடுவில் பிக்கப் கிட்டத்தட்டத் தரையோடு (கிரவுண்டோடு) இணைந்து கிடக்கும். ஒலி சோர்ந்திருந்து, கடைசி அங்குலத்தில் திடீரென்று உயிர்பெறும். வருடக்கணக்கில் இப்படியே வாசித்துவிட்டு, பெடல் மேல் பழிபோட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சரியாக இருந்தும் பாதி மிதியில் மட்டும் ஒலி மங்குகிறதா? கேபிளைப் பாருங்கள். 500 கிலோ ஓம் பாட் மின்கணக்கில் சரிபாதியில் நிற்கும்போது, பெடலுக்குப் பின்னால் வரும் கேபிளுக்கு அது சுமார் 125 கிலோ ஓம் மின்தடை. கேபிளும் ஒரு சின்னக் கப்பாசிட்டர்தான். அதன் மின்தேக்குதிறன் ஒரு மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 5 மீட்டருக்கு 500. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி தேயத் தொடங்கிவிடும். ஸ்டீல் கிடார் வாசிப்பவர் முழு மிதியில் நிற்பதில்லை. நடுவில் வைத்து மீட்டிவிட்டு, ஒலி தேயத் தேயக் காலை அழுத்தி நீட்டுவதுதான் அந்த வாசிப்பின் உயிரே. ஆகவே பெடலிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளைச் சுருக்குங்கள். பழைய பாகம் எதையும் தொடாமல் கிடைக்கும் பலன் இது.

பாட்டை மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஆடியோ டேப்பர் (காதுக்குச் சத்தம் சீராக ஏறும்படி செய்த வகை) வாங்குங்கள். மின்தடை ஒரே சீராக மாறும் லீனியரைப் போட்டால் முதல் கொஞ்ச தூரத்திலேயே பெரும்பாலான சத்தம் வந்துவிடும், மிச்ச தூரம் வீண். பாட்டின் தண்டு ஏறத்தாழ 300 பாகை திரும்பும், பலகையோ அதில் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்தும். குதிகால் கீழே இருக்கும்போது தண்டு தன் தொடக்கப் புள்ளியில் நிற்கும்படி பொருத்தினால்தான் சத்தம் முழுதாக நிற்கும். அப்புறம், கழற்றிய பாட்டைக் குப்பையில் போடாதீர்கள். முதுகில் எண் இருக்கும். 137 என்று தொடங்கினால் தயாரித்த நிறுவனம் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். 137 6215 என்பது 1962இன் 15ஆம் வாரம். பெடல் அதற்குப் பிறகு கட்டப்பட்டது, அல்லது பாட் பிறகு மாற்றப்பட்டது. இரண்டில் எது என்பதைப் பற்றவைப்பின் பழமையைப் பார்த்தால் ஊகிக்கலாம்.

கரகரப்புக்குத் துருநீக்கி எண்ணெயைப் பீய்ச்சுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மின் தொடர்புகளுக்கென்றே செய்த கிளீனர் ஒரு சொட்டு போதும். புதுப் பாட்டும் கரகரத்தால் குற்றம் பெடலில் இல்லை. ஆம்பின் உள்வழியிலிருந்து நேர்மின்னழுத்தம் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஆம்ப் என்றதும் இன்னொன்று. கேபிளின் உறை வழியாகப் பெடலின் உலோக உடல் ஆம்பின் சேசிஸோடு (உலோகச் சட்டத்தோடு) இணைந்திருக்கிறது. பழைய வால்வ் ஆம்பில் இரண்டு முள் பிளக் இருந்து, சேசிஸுக்கும் மின் இணைப்புக்கும் நடுவே உள்ள கப்பாசிட்டர் ஷார்ட் ஆனால், உங்கள் பாதம் இருப்பது மின்சாரத்தின் மேல், கையிலும் இரும்புப் பட்டை. பெடலில் லேசாகச் சுருக்கென்று குத்தினால் பிளக்கைத் திருப்பிச் செருகிப் பார்க்காதீர்கள். அந்த ஆம்பை அணைத்துவிட்டு, எர்த்தோடு கூடிய மூன்று முள் பிளக்குக்கு ஒரு டெக்னீஷியனை வைத்து மாற்றிய பிறகே திரும்பவும் காலை வையுங்கள்.