"அக்காவுக்குத் தெரியாததா?" – புதிதாக லைன் பார்க்க வந்தவர்களுக்கு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரு லைனுக்கு, அதாவது ஒரு வரிசைத் தையல் மிஷின்களுக்கு, சூப்பர்வைசர் ஆவதற்குத் தனியாக எதுவும் படிக்க வேண்டியதில்லை. நன்றாகத் தைக்கும் டெய்லரை ஒருநாள் கூப்பிட்டு, "நாளையிலிருந்து இந்த லைனை நீயே பாத்துக்க" என்பார்கள். அவ்வளவுதான். நானும் அப்படி வந்தவன். ஓவர்லாக் தையல் மிஷினில் ஏழு வருஷம், அப்புறம் லைன், அப்புறம் புரொடக்‌ஷன் மேனேஜர். இப்போது சில கம்பெனிகளில் புதிய சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

முதல் நாளே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சார், கறாரா இருக்கறதா, அனுசரிச்சுப் போறதா?" ஏதோ ஒரு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு ரிட்டயர் ஆகும்வரை கழற்றாமல் இருக்கலாம் என்பதுபோல. எனக்கும் ஒருகாலத்தில் அந்த எண்ணம் இருந்தது. 140 பீஸ் வீணானபோதுதான் அது போனது.

அப்போது என் லைனில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என எந்த மிஷினில் உட்காரவைத்தாலும் கை நிற்காது. வட்டக்கழுத்து டி-ஷர்ட்டே ஓடிக்கொண்டிருந்த லைனுக்குக் காலர் வைத்த டி-ஷர்ட் ஆர்டர் வந்தது. கழுத்துக்குக் கீழே பட்டன் பட்டி வைக்கும் வேலையை அவரிடம் கொடுத்து, "அக்காவுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன். அன்று காலை முழுக்கப் புதுப் பையன்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றேன்.

மதியம் செக்கிங்கில் இருந்து கூப்பிட்டார்கள். பட்டிக்காகத் துணியை வெட்டும்போது, அடிமூலையில் கத்தரிக்கோல் தையலைத் தாண்டி ஒரு நூல் அளவு போயிருந்தது. இழுத்தால் ஓட்டை. தையல் கோணலானால் பிரித்துத் தைக்கலாம். வெட்டியதை என்ன செய்ய? முன்பக்கத் துணியையே மாற்ற வேண்டும். அதற்கும் அதே சாயத்தில் நனைந்த துணி மிச்சமிருக்க வேண்டும், இல்லையென்றால் ஷேடு மாறும். நான் கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "இத்தன வருஷ டெய்லருக்கு இது தெரியாதான்னு நெனப்பீங்கன்னுதான் கேக்கலீங்க" என்றார்.

அமெரிக்காவில் பால் ஹெர்சி, கென் பிளான்சார்ட் என்ற இருவர் 1969-இல் முன்வைத்து, பிறகு வளர்த்தெடுத்த கருத்து ஒன்று உண்டு. எல்லோரையும் எப்போதும் ஒரே மாதிரி நடத்த முடியாது. சொல்லிக்கொடுப்பதா, விளக்கி இணங்கவைப்பதா, சேர்ந்து யோசிப்பதா, ஒப்படைத்துவிட்டு நகர்வதா என்பது எதிரே இருப்பவர் அந்த வேலைக்கு எவ்வளவு தயாராக இருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்றார்கள். 'அந்த வேலைக்கு' என்ற சொல்லைத்தான் நான் தவறவிட்டிருந்தேன். வட்டக்கழுத்தில் அக்கா ராணி. பட்டன் பட்டியில் அவரும் அந்தப் பையன்களும் ஒன்றுதான். சீனியர் என்பது ஆளோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ஸ்டைல் மாறும்போது கழன்றுவிடும்.

இதைப் படித்த பிறகு நானாகச் சேர்த்துக்கொண்ட கேள்வி ஒன்று இருக்கிறது: தப்பு நடந்தால் பிரிக்க முடியுமா? பிரிக்க முடியும் என்றால் கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாம், ஆள் தானாகவே கற்றுக்கொள்வார். முடியாது என்றால் எவ்வளவு பழைய கையாக இருந்தாலும் முதல் பத்துப் பீஸுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கட்டிங் மேஜையில் நிற்கும் மேனேஜர் தையல் லைனில் நிற்பவரைவிடக் கறாராக இருப்பது அவருடைய கோபத்தால் மட்டும் அல்ல.

சில இடங்களில் பேச்சுக்கே வேலையில்லை. ஊசி உடைந்தால் மிஷின் நிற்க வேண்டும். உடைந்த துண்டு எல்லாம் கைக்கு வந்து, ரெஜிஸ்டரில் ஒட்டி, அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் சுற்றியிருக்கும் பீஸ்களை எல்லாம் ஒதுக்கி, மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தைகள் உடுப்பில் ஊசிமுனை போய்விட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. "ஷிப்மென்ட் நேரம், பரவாயில்லை விடுங்க" என்று அனுசரித்துப்போகும் சூப்பர்வைசரை நான் நல்லவர் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நாள் முழுக்க ஊசி உடைந்த குரலிலேயே பேசினால்? சூப்பர்வைசர் டீ குடிக்கப் போனதும் லைன் படுத்துவிடும். 1930-களின் கடைசியில் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின் குழுவினர் பத்து, பதினொரு வயதுப் பையன்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதிகாரம் செய்யும் தலைவர் அறையில் இருக்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது, அவர் வெளியே போனதும் சரிந்தது. கலந்து பேசி நடத்தியவர் வெளியே போனபோது பெரிய மாற்றமில்லை. எதிலும் தலையிடாமல் விட்ட குழுவில் வேலையும் சரியாக நடக்கவில்லை, பையன்களுக்கும் அது பிடிக்கவில்லை. உங்கள் லைனைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பத்து நிமிஷம் வெளியே போய்விட்டு வந்து பண்டல்களை எண்ணுங்கள்.

கலந்து பேசுவது என்றால் மீட்டிங் போட்டு டீ கொடுப்பது என்று சில கம்பெனிகளில் நினைக்கிறார்கள். முடிவை முந்தின நாளே எடுத்துவிட்டு, காலையில் "உங்க அபிப்பிராயம் என்ன?" என்று கேட்பதைவிட நேராக உத்தரவு போடுவது எவ்வளவோ மேல். உண்மையாகக் கேட்டால் எங்கிருந்தாவது பதில் வரும். ஒரு லைனில் டி-ஷர்ட்டுக்குக் கை வைத்துத் தைக்கும் இடத்தில் தினமும் வேலை தேங்கியது. கூட ஒரு மிஷின் கேட்கலாம் என்றிருந்தேன். கையின் ஓரத்தை மடித்துத் தைக்கும் பெண்தான் சொன்னாள்: "இடதும் வலதும் கலந்து வருதுங்கண்ணா, பிரிச்சு எடுக்கவே பாதி நேரம் போகுது." மிஷின் கேட்கவில்லை.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. இன்று பல லைன்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டில் இருந்து வந்தவர்கள். நம் சூப்பர்வைசருக்குத் தெரிந்த ஹிந்தி பதினைந்து வார்த்தை: ஜல்தி கரோ, பந்த் கரோ, ஐசா நஹீ. எல்லாமே கட்டளை! சுபாவத்தில் சாதுவான மனிதர்கூட அந்தப் பையன்களுக்கு ஹிட்லராகத்தான் தெரிவார். அவர் தேர்ந்தெடுத்த பாணி இல்லை அது, சொற்பஞ்சம்.

அப்புறம் பாரபட்சப் பிரச்சினை. ஆளுக்கு ஆள் வேறு மாதிரி நடந்தால், "அவனை மட்டும் கேள்வியே கேக்கறதில்ல, எங்க தலையில வந்து நிக்கறாரு" என்ற பேச்சு கேன்டீனில் ஓடும். நியாயமான பேச்சுதான். அதனால் காரணத்தை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பட்டன் பட்டி சம்பவத்துக்குப் பிறகு அக்காவிடம் நான் சொன்னது: "புது வேலைக்கா. முதல் பத்துப் பீஸ் நான் கூட நிக்கறேன், யாரு தைச்சாலும் நிப்பேன். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்." ஆறாவது பீஸிலேயே, "நீங்க போங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க" என்றுவிட்டார். போய்விட்டேன்.

போன மாதம் ஒரு வகுப்பில், ஹிந்தியில் கேள்வி வார்த்தைகளையும் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். மறுவாரம் ஒரு தம்பி சிரித்துக்கொண்டே வந்தார். "சார், 'க்யா திக்கத் ஹை', என்ன பிரச்சினைன்னு கேட்டேன். அவன் பத்து நிமிஷம் பேசுனான். எனக்கு ஒரு வார்த்தை புரியல." சரி, என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். செக்கிங்கில் இரண்டு பாஷையும் தெரிந்த பெண்ணைக் கூட்டிவந்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாராம்.